பூட்டிய அச்சு

சுருளிவேல் பட்டாளத்தில் நாலு வருஷம் லாரி ஓட்டியவன். பர்மா எல்லையில், மழை நின்றாலும் சேறு காயாத மலைப்பாதைகளில், அரிசியும் வெடிமருந்தும் ஏற்றிப் போய்வந்தான். நாற்பத்தாறில் வீட்டுக்கு அனுப்பியபோது அனுமந்தன்பட்டிக்கு அவன் கொண்டுவந்தது ஒரு கம்பளி, ஒரு லைசென்சு, வண்டியைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் "அது அப்படி இல்ல" என்று குறுக்கே விழுகிற குணம். அவன் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனாலேயே அவனை யாருக்கும் பிடிக்காது.

கம்பத்து ஏலக்காய் வியாபாரி தங்கபாண்டி அவனை டிரைவராக வைத்துக்கொண்டார். குமுளிக்கு அந்தப் பக்கம், திருவாங்கூர் மண்ணில், மூன்று மைல் உள்ளே தள்ளி அவருக்குத் தோட்டம் இருந்தது. பட்டாளம் கழித்துவிட்ட சின்ன லாரி ஒன்றை மதுரையில் எடுத்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. திங்கட்கிழமை காலையில் காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அவர்களையும் காய் மூட்டைகளையும் கீழே கொண்டுவர வேண்டும். அந்தப் பெண்களில் சுருளிவேலின் பெண்டாட்டி ராமுத்தாயும் உண்டு, அவள் தங்கச்சி இருளம்மாளும் உண்டு.

அடிவாரத்திலிருந்து குமுளி வரைக்கும் கெட்டியான கப்பி ரோடு, கொண்டை ஊசி வளைவுகளோடு. குமுளிக்கு அப்பால் ரோடு என்று ஒன்று கிடையாது. மரத்தை வெட்டிச் சாய்த்த தடம்தான். மழை பெய்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே இழுக்கும்.

நாற்பத்தேழு ஆவணியில் மழை பிடித்துக்கொண்டது. தொடர்ந்து மூன்று வாரம் வண்டி ஒரே மேட்டில் நின்றுபோனது. பின்னால் ஒரு சக்கரம் சேற்றில் விர்ரென்று சுழலும். அதன் ஜோடி கெட்டி மண்ணில் அசையாமல் நிற்கும். முன்னாலும் அதே கதை. பெண்கள் இறங்கித் தள்ளுவார்கள். தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு பூசிக்கொண்டு தோட்டத்துக்கு நடப்பார்கள். வந்து சேர நேரமானால் கங்காணி அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்வான்.

தங்கபாண்டி கம்பத்தில் சீனிச்சாமியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். சீனிச்சாமி கைதேர்ந்த மெக்கானிக்.

"அச்சுக்கு நடுவுல இருக்கிற டிபரன்சலைத் திறந்து உள்ள இருக்கிற சின்னப் பல்சக்கரங்களை வெல்டு வச்சுப் பூட்டிட்டா, ரெண்டு சக்கரமும் சேந்துதான் சுத்தும் முதலாளி. ஒண்ணு சேத்துல கிடந்தாலும் இன்னொண்ணு தள்ளிரும்" என்றான்.

"அது அப்படி இல்ல" என்றான் சுருளிவேல். "களத்துல பிணையல் மாடு சுத்துறப்ப வெளி மாடு எட்டிப் போட்டு நடக்கும், உள் மாடு நின்னு நின்னு நடக்கும். ரெண்டும் ஒரே நடை நடந்தா கயிறு அந்துரும். வளைவுல சக்கரமும் அப்படித்தான். சேத்துல சறுக்கி ஈடு கட்டிக்கிரும். கப்பி ரோட்டுல எங்கன போயி சறுக்கும்? அச்சு முறுக்கிக்கிட்டே இருந்து ஒரு நாள் முறியும் முதலாளி."

"பட்டாளத்துல பூட்டுன வண்டி இல்லியா?" என்று கேட்டார் தங்கபாண்டி.

"இருந்துச்சு. அதுல ஒரு லீவர் வச்சிருப்பாக. மேடு ஏறுறப்ப பூட்டுவோம், ஏறுனதும் திறந்துருவோம். வெல்டு வச்சா திறக்கவே முடியாது. இதுக்குச் சங்கிலி போதும். சக்கரத்துல சுத்துற சங்கிலி. இல்லாட்டி அந்த மேட்டுல மட்டுமாவது கல்லு பாவுங்க."

தங்கபாண்டி சிரித்தார். "சங்கிலி போட்டா டயரைத் தின்னுரும்கிறாக. ரோடு போட நான் என்ன சர்க்காரா? இத்தன பொம்பளைக இருக்காளுக, தள்ளட்டும்."

பூட்டவில்லை. தான் சொன்னது எடுபட்டது என்று சுருளிவேலுக்கு உள்ளுக்குள் பெருமை. வீட்டில் ராமுத்தாயிடம் அதைச் சொல்லவும் செய்தான். "தள்ளுறது நாங்கதான, உனக்கென்ன" என்றாள் அவள்.

புரட்டாசி இரண்டாம் திங்கட்கிழமை, அதே மேடு. பெண்கள் இறங்கிப் பின்னால் கை கொடுத்தார்கள். சுருளிவேல் கண்ணாடியில் பார்த்தபடி ஆக்சிலேட்டரை மிதித்தான். சுழன்றுகொண்டிருந்த சக்கரத்துக்கு அடியில் ஏதோ வேர் அகப்பட்டிருக்க வேண்டும். வண்டி திடீரென்று ஓர் எட்டு முன்னால் துள்ளி, அதே வேகத்தில் பின்னால் சறுக்கியது. மற்றவர்கள் சிதறி விழுந்தார்கள். கருத்தம்மாள் என்ற விதவை மட்டும் எழுந்திரிக்கவில்லை. அவளுடைய இடது கால் சக்கரத்துக்குக் கீழே இருந்தது.

முன்னால் எடுத்தால்தான் கால் வெளியே வரும். முன்னால் எடுக்க மிதித்தால் சக்கரம் அதே இடத்தில் சுழலும். சுருளிவேலுக்கு இது தெரியும். இறங்கிப் போய் இரண்டு கையாலும் சேற்றை வாரினான். பெண்கள் எல்லாரும் வாரினார்கள். கருத்தம்மாள் முதலில் கத்தினாள், பிறகு "சீக்கிரம் தம்பி, சீக்கிரம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. காலை எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் கருத்தம்மாளின் வேலைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

ராமுத்தாய் ஐந்து நாள் அவனோடு பேசவில்லை. ஆறாம் நாள் சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பூட்டைப் போட்டிருந்தா நாங்க இறங்கியிருக்கவே வேணாம். அப்படித்தான?"

"அது வந்து..."

"அப்படித்தான? ஆமாவா இல்லியா?"

"ஆமா."

"ரோட்டுல என்னமோ ஆகும்னு நீ பாத்தியா? இல்ல. சேத்துல ஆனத நான் பாத்தேன். அவ எலும்பு என் கையில பட்டுச்சு. போடச் சொல்லு."

இருளம்மாளும் அங்கேதான் இருந்தாள். "மச்சான், நாங்க பதினெட்டுப் பேரும் சொல்றோம். போட்டுருங்க" என்றாள்.

தங்கபாண்டியிடம் அவனே போனான். சங்கிலி என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். "ஏலே, பொம்பள காலை ஒடிச்சிட்டு வந்து எனக்குப் புத்தி சொல்றியா? சீனிச்சாமிகிட்ட வண்டியை விடு" என்றார். விட்டான். சீனிச்சாமி அரை நாளில் வேலையை முடித்தான். நல்ல வெல்டு. பக்கத்தில் நின்று பார்த்த சுருளிவேலுக்கே அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வண்டி அந்த மேட்டை நிற்காமல் ஏறியது. சேறு இருபக்கமும் தெறிக்க, முக்கி முனகி, ஏறியே விட்டது. பின்னால் பெண்கள் குலவை போட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை முழுக்க யாரும் இறங்கித் தள்ளவில்லை. ராமுத்தாய் மறுபடியும் அவனோடு சிரித்துப் பேசினாள். "பாத்தியா?" என்று அடிக்கடி கேட்பாள்.

கப்பி ரோட்டில் அவன் பட்டது வேறு. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீரிங்கை ஒடித்தால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். டயர் கல்லில் உரசி அலறும். ஒரே வீச்சில் திரும்பாமல், பின்னால் எடுத்து எடுத்துத் திருப்புவான். அச்சுக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வரும். மார்கழியில் மழை நின்றதும் அந்தச் சத்தம் கூடியது. மேலே தடம் காய்ந்துவிட்டது, இனிப் பூட்டு தேவையில்லை, வெல்டை எடுத்துவிட்டுப் பழையபடி மாற்றலாம் என்று தங்கபாண்டியிடம் சொன்னான். "நீதான போடுங்கன்ன? அடுத்த மழைக்கு மறுபடி போடுறதுக்கா?" என்றார் அவர்.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கையில், சனிக்கிழமை மத்தியானம், பெண்களோடும் மூட்டைகளோடும் இறங்கினான். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் பின்னால் ஒரே பேச்சு. ராமுத்தாய் அன்று வண்டியில் இல்லை. காய்ச்சல் என்று புதன்கிழமையே ஒரு மாட்டு வண்டியில் இறங்கிவிட்டாள்.

ஐந்தாவது வளைவில் வலது பக்கத்து அச்சு முறிந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கீழ் கியரில், இன்ஜின் பிடியில் இறங்கிக்கொண்டிருந்த வண்டியின் பின்சக்கரங்களில், அந்தப் பிடி முழுவதும் இடது சக்கரத்துக்கே போனது. வண்டி இடது பக்கம் வெட்டி இழுத்தது. இடது பக்கம் பள்ளம். அவன் பிரேக்கை மிதித்து ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிடித்தான். தடுப்புக் கல்லை இடித்துத் தள்ளிக்கொண்டு வண்டி உருண்டது.

ரொம்ப ஆழம் இல்லை. ஒரு பாறையும் இரண்டு மரமும் வண்டியை நிறுத்திவிட்டன. மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார்கள். மூட்டைகளுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்த இருளம்மாளும் இன்னொரு பெண்ணும் செத்துப்போனார்கள். சுருளிவேலுக்கு நெற்றியில் காயம், அவ்வளவுதான். சட்டையில் ரத்தத்தோடு, ஒவ்வொருத்தியாகத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தான். இருளம்மாளைத் தூக்கி வந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது. "அக்காகிட்டச் சொல்லாதீக" என்றாள். எதைச் சொல்லக் கூடாது என்று அவளுக்குத்தான் தெரியும்.

போலீசார் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வண்டியைச் சோதிக்கிற அதிகாரி மதுரையிலிருந்து வர மூன்று நாள் ஆனது. அதில் இரண்டாம் நாள் சீனிச்சாமி ஒரு மூட்டைச் சாமானோடு பள்ளத்தில் இறங்கினான். கழித்துப்போட்ட வேறொரு வண்டியின் டிபரன்சல் அதில் இருந்தது. சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டான். காவலுக்கு நின்றவன் தங்கபாண்டியின் ஆள்.

அதிகாரி வந்த அன்று சுருளிவேலையும் அழைத்துவந்தார்கள்.

"அச்சைத் திறந்து பாருங்கய்யா. உள்ள வெல்டு வச்சிருக்கு. எல்லாம் தெரியும்" என்றான் அவன்.

திறந்தார்கள். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் மினுங்கிக்கொண்டு தனித்தனியாக இருந்தன. அதிகாரி விரலால் ஒன்றைச் சுற்றிக் காட்டினார். அது வழுவழுவென்று சுற்றியது. சுருளிவேல் குனிந்து பார்த்தான். பிறகு, நாலடி தள்ளி நின்ற சீனிச்சாமியைப் பார்த்தான். சீனிச்சாமி எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முறிஞ்ச அச்சு?" என்று கேட்டார் அதிகாரி.

"விழுந்ததுல முறிஞ்சதுய்யா" என்றான் சீனிச்சாமி. "இவர் எப்பவுமே வேகம்தான். பட்டாளத்து ஓட்டு."

உத்தமபாளையம் கோர்ட்டில் தங்கபாண்டி சாட்சி சொன்னார். ஏற்கனவே ஒரு பெண்ணின் காலை இவன் வாங்கியிருக்கிறான், இரக்கப்பட்டு வைத்திருந்தேன் என்றார். அது பொய் இல்லை என்பதால் அதற்குப் பிறகு அவர் சொன்னது எல்லாமே உண்மை மாதிரி இருந்தது. கருத்தம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு கோர்ட்டு வாசல் வரைக்கும் வந்தாள். "அந்தத் தம்பி பூட்டு வேணாம் வேணாம்னுதான் சொன்னுச்சு" என்று கண்டவரிடமெல்லாம் சொன்னாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. தங்கபாண்டியிடம் கூலி வாங்குகிற மற்றப் பெண்கள் யாரும் வரவில்லை. ராமுத்தாயைக் கூப்பிட்டார்கள். டிபரன்சலைப் பூட்டியது தெரியுமா என்று வக்கீல் கேட்டார். அவள் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

ஒன்றரை வருஷம் தண்டனை. லைசென்சும் போனது.

அவன் உள்ளே இருந்தபோது தங்கபாண்டி இன்னொரு வண்டி வாங்கினார். தோட்டத்து மேட்டில் கல் பாவினார். மழைக்காலத்துக்குச் சங்கிலியும் வாங்கி வைத்தார். செலவு பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று பஜாரில் சொன்னாராம்.

சுருளிவேல் வெளியே வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. ராமுத்தாய் ஆண்டிபட்டியில் அவள் அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போனான். வாசலில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்திரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள்.

"கோர்ட்டுல ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டான்.

"அண்ணன்தான் சொல்லச் சொன்னாக. தங்கபாண்டி ஆளுக வந்து பேசிட்டுப் போயிருந்தாக." நூலை அறுத்து முடிச்சுப் போட்டாள். "அது மட்டும் இல்ல. பூட்டுனது தெரியும்னு சொன்னா, யாரு பூட்டச் சொன்னான்னு கேப்பாகள்ல. நான்தான் சொன்னேன். என் தங்கச்சியும் சேந்துதான் சொன்னா."

"நானும்தான் உங்க பேச்சக் கேட்டுக்கிட்டேன்."

"ஆமா. நீ கேட்டிருக்கக் கூடாது. உனக்குத் தெரியும்ல? எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது, உனக்கு மட்டும்தான தெரியும்?" அவள் குரல் உயரவில்லை. "உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அதுதான் நெனப்பு வருது. போயிரு. இங்கன வராத."

அவன் செம்பைத் தரையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

தேனியில் இறங்கி, அல்லிநகரத்துப் பக்கம் ஒரு பஞ்சரவை ஆலையில் வேலை கேட்டான். கணக்கப்பிள்ளை அவன் தோளையும் கையையும் பார்த்துவிட்டு மூட்டை தூக்க எடுத்துக்கொண்டார். முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டதற்கு, "காட்டு வேலை" என்றான். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.