நகச்சூடு பார்த்த விரல்

ராயபுரத்தில் எறா உரிக்கும் கொட்டகைக்கு நான் முதன்முதல் போன நாளில், என் காலடியில் யாரோ ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர் வைத்திருந்தார்கள். ஐஸ் தண்ணீரில் விறைத்த கையை அதில் முக்கிய பிறகுதான் எனக்கு விரல்கள் இருப்பதே தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ரஹீமுன்னிசா அக்கா தனக்கென்று பிளாஸ்கில் கொண்டுவந்த தண்ணீர் அது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று முழுக்க அவள் விறைத்த கையோடேயே உரித்திருக்கிறாள்.

அது 1999. அடுத்த மாதமே நான் ஒரு தப்புப் பண்ணினேன். டீக்கடையில் வாங்கிவந்த வெந்நீரில் மரத்த கையை அப்படியே விட்டுவிட்டேன். சூடே தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் கொப்புளம். அன்றோடு கொட்டகைக்குள் வெந்நீரே வரக்கூடாது என்றார் மேஸ்திரி சின்னப்பையன். அக்காவின் பிளாஸ்கும் வாசலோடு நின்றது. என்னால் வந்த வினை. எல்லார் விரலும் வெடித்து, வேலையை விடலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒருநாள் காலை அக்கா வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். எறாவைத் தொடவில்லை.

"இன்னா ரஹீமா, எறாவுக்கு வென்னி வெச்சு குளிப்பாட்டணுமா?" என்றார் மேஸ்திரி.

"எறா செத்துப்பூட்ச்சு நைனா. நாங்க இன்னும் சாவல."

மறுநாள் பதினோரு பேர் கை மடியில். வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டு நானும் வைத்தேன். மூன்றாம் நாள், சரக்கு நாறிவிடும் என்று மேஸ்திரி இறங்கி வந்தார். மறுபடி யாருக்காவது கை வெந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நகச்சூட்டுக்கு மேல் ஒரு சொட்டு உள்ளே வராது, நான் பொறுப்பு என்றாள் அக்கா. நகச்சூடு என்றால் எவ்வளவு என்று அவர் விடவில்லை.

அவள் பிஸ்மில்லா சொல்லி, இடது சுண்டுவிரலை நகம் மூழ்குகிற மட்டும் வாசலில் இருந்த வெந்நீர் வாளியில் விட்டாள்.

"நகத்துக்கு அடியில கீற சதை பச்சக்கொழந்த மாதிரி நைனா. அது தாங்கிச்சுன்னா ஒடம்பு முச்சூடும் தாங்கும். அதான் நகச்சூடு."

பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போகும் அவள் அம்மா சொன்ன அர்த்தமாம். அந்தச் சொல் அப்படித்தான் பிறந்ததா, அஞ்சாவது படித்த எனக்குத் தெரியாது. அவள் சொன்னதை நம்பினேன்.

ஆனால் மரத்த விரலுக்குச் சூடு தெரியாதே, அதை என் கைதானே காட்டிக்கொடுத்தது. அக்கா அதற்கும் வழி வைத்திருந்தாள். அந்தச் சுண்டுவிரலில் துணி சுற்றி, மேலே பால் கவரைக் கட்டி, ஐஸ் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஒன்பது விரலால் உரித்தாள். ராணி மாதிரி விரலை நீட்டுகிறாள் என்று கேலி பண்ணினார்கள். அவள் மடக்கவில்லை. ஏழு வருஷம், உள்ளே வந்த ஒவ்வொரு வாளிக்கும் சூடு பார்த்தது அந்த விரல்தான். ஒருத்தர் கையும் வேகவில்லை.

சுனாமிக்குப் பிறகு அவளுக்கு எர்ணாவூரில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து வந்து போக முடியாது என்று வேலையை விட்டாள். கடைசி நாள் என் இடது கையை இழுத்து, சுண்டுவிரலில் துணி சுற்றிப் பால் கவரைக் கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"இத்த நனைக்காத குப்பு. நாளைலேந்து நீதான் பாக்கணும்" என்றாள்.