தாங்கிக்கு அடியிலிருந்து ஒரு மறுமொழி

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. ஜூலை மாதம். ஒஸ்லோவின் கிழக்கே எல்லிங்ஸ்ருட்டில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். இந்த நாட்டில் ஜூலையில் எல்லோரும் ஒன்றாக விடுமுறையில் போய்விடுவார்கள். எங்கள் பல்கனிக்குக் கீழே, வெளியே, கார் நிறுத்தும் இடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கேதான் இது நடந்தது.

எங்களிடம் ஒரு பழைய பூபில் இருந்தது. படுக்க, சமைக்க, குளிக்க வசதியுள்ள வாகனத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நானும் மனைவியின் தம்பியான மச்சானும் சேர்ந்து வாங்கியது. அவன் பக்கத்தில் புருசெத்தில் இருக்கிறான். டாக்ஸி ஓடுகிறான். அவன் வாய் ஓயாது. நான் கதைப்பது குறைவு. ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் கதைப்பதில்லை. எனக்கு அது வசதி.

அடுத்த நாள் காலை இரண்டு குடும்பமும் ஜெர்மனிக்குக் கோயில் தேர் பார்க்கப் புறப்பட வேண்டும். ஒரே ஒரு பிரச்சினை. பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் வாகனத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாங்கியில், அதாவது தொட்டியில், சேரும். உள்ளே ஒரு பொத்தானை அமத்தினால் தாங்கி நிறைந்ததா என்று சின்ன விளக்கு காட்டும். நிறைந்தால் சிவப்பாக எரியும். எங்களுடையது எரிவதே இல்லை. முந்திய கோடையில் அது எரியாமலே தண்ணீர் மேலே வந்து பிள்ளைகளின் படுக்கை நனைந்தது. இதைத் திருத்தாமல் ஏறமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இது பெரிய வேலையில்லை. தாங்கியின் சுவரில் இரண்டு உலோக முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டால் மின்சாரம் ஓடி விளக்கு எரியும். அவ்வளவுதான். பிழை விளக்கிலா, வயரிலா, முனையிலா என்று பார்க்க வேண்டும்.

முதலில் தாங்கியின் குழாயைத் திறந்தேன். கொஞ்சம் சொட்டி நின்றுவிட்டது. முந்திய கிழமை ஏரிக்கரையில் இரண்டு நாள் நின்று வந்து திறந்தபோதும் இப்படித்தான் சொட்டியது. தாங்கி வெறுமை என்று நினைத்தேன். மேலே விளக்கும் வெறுமை என்றுதான் காட்டியது. பொய் சொல்லும் விளக்கு என்று தெரிந்துதானே திருத்த வந்தேன். ஆனாலும் நம்பினேன்.

ஒரு கார்ட்போர்டைப் போட்டு அதன் மேல் வழுக்கி முழுதாக அடியில் போனேன். மச்சான் உள்ளே பொத்தானை அமத்திக்கொண்டு இருந்தான். முனைகளுக்குப் போகும் இரண்டு வயரையும் நடுவில் இருந்த இணைப்பில் கழற்றி நுனியோடு நுனி தொடவைத்தேன்.

"எரியுதோ?"

"எரியுது, அத்தான்."

விலக்கினேன். "இப்ப?"

"நூந்துட்டுது."

அப்படியென்றால் விளக்கும் வயரும் நல்லது. பிழை உள்ளே, முனையில். அது தாங்கியின் மேல்பக்கம், கை போகாத இடத்தில். தாங்கியைக் கொஞ்சம் இறக்கினால்தான் கழற்றித் துடைக்கலாம்.

"அத்தான், விரல் நோகுது. நெருப்புக்குச்சியைச் செருகி விடட்டே?"

"செருகு. எடுத்துப்போடாதை. பிறகும் பாக்க வேணும்."

நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

தாங்கியை இரண்டு இரும்புப் பட்டி பிடித்திருந்தது. ஒரு பட்டியின் நட்டைத் தளர்த்தினேன். தாங்கி அசையவில்லை. துருவில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நட்டை முழுதாகக் கழற்றினேன். பட்டி விழுந்தது. அதோடு தாங்கியும் வந்தது.

தாங்கியின் ஒரு பக்கம் என் நெஞ்சில் இருந்தது. மற்றப் பக்கத்தை இரண்டாவது பட்டி பிடித்துக்கொண்டது. இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை. உள்ளே தண்ணீர் ஆடுவது நெஞ்செலும்பில் தெரிந்தது. நிறையத் தண்ணீர்.

கூப்பிடப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. வெளியே விட்ட மூச்சைத் திரும்ப எடுக்க முடியவில்லை. சின்னச் சின்னதாக, நாய் இளைப்பது போல எடுக்கலாம். அதைக் குரலுக்குச் செலவழிக்க முடியாது. இடக்கை தாங்கிக்கும் நிலத்துக்கும் நடுவில். ஸ்பானர் எங்கேயோ உருண்டு போய்விட்டது. குதியால் நிலத்தில் அடித்தேன். கார்ட்போர்டில் மெத்தென்று பட்டது.

தலைக்கு மேலே ஒரு பலகைத் தளம். அதற்கு மேலே மச்சான். அவன் நடப்பது கேட்டது. பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றுவது கேட்டது.

"தாங்கி விழுந்த சத்தமே? கவனம் அத்தான்."

திரும்பவும் குதியால் அடித்தேன்; மெத்தென்றுதான் பட்டது.

"சரி, சரி. நீங்கள் செய்யுங்கோ. நான் வாயைத் திறக்கேல்லை."

பிறகு அவனுக்குப் போன் வந்தது. யாருடனோ கார் விற்பது பற்றிக் கதைத்துச் சிரித்தான்.

அந்த நேரம் மேலே எங்கள் பல்கனிக் கதவு திறந்தது.

"இஞ்சேருங்கோ. சாப்பிட வாறியளோ?"

மனைவி. நான் அவளுக்கு நேர் கீழே கிடக்கிறேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கேட்டாள். அதற்குப் பிறகும் கதவு உடனே மூடவில்லை. அவள் நிற்கிறாள் என்று தெரிந்தது. மறுமொழிக்கு நிற்கிறாள். பிறகு கதவு மூடியது.

எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. யாரும் என்னைத் தேடி வரமாட்டார்கள். நான் பேசாமல் இருந்தால் அது இந்த வீட்டில் ஒரு விஷயமே இல்லை. அவர்கள் எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். பழக்கியது நான்.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. முகத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஆடியது. கழற்றிவிட்ட இரண்டு வயர். வலக்கை முழங்கை வரைக்கும் அசைந்தது. எட்டி இரண்டையும் விரலுக்குள் எடுத்தேன். நுனியோடு நுனி வைத்தேன். விலக்கினேன். வைத்தேன்.

மேலே விளக்கு எரிகிறதா என்று எனக்குத் தெரியாது. நெருப்புக்குச்சி பொத்தானில் இருக்க வேண்டும். அவன் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அவனோ போனில் சிரிக்கிறான். விரலிலிருந்து ஒரு வயர் நழுவியது. திரும்பத் தேடி எடுத்தேன்.

போன் கதை முடிந்தது.

"ஆ, எரியுது அத்தான்."

விலக்கினேன்.

"நூந்துட்டுது."

வைத்தேன்.

"எரியுது. அதுதான் முதலே பாத்தமே, வயர் நல்லம் எண்டு."

விலக்கினேன். வைத்தேன். விலக்கினேன். வைத்தேன்.

"என்ன, தீபாவளியோ? பகிடி விடுறியள்."

அதற்குப் பிறகு அவன் சத்தம் இல்லை. அவன் அப்படிப் பேசாமல் இருந்து நான் கண்டதில்லை. எனக்குப் பகிடி விடத் தெரியாது என்று அவனுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கிறது. பிறகு அதைத்தான் எல்லோருக்கும் சொன்னான். பலகையில் காலடி ஓடியது. கதவு அடித்தது. அவன் முகம் பக்கவாட்டில், நிலத்தோடு தெரிந்தது.

"ஐயோ அத்தான்."

தன் டாக்ஸியிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்தான். தாங்கியின் ஓரத்தில் வைத்து உயர்த்தினான். நெஞ்சுக்குள் காற்று வந்தது. தாங்கி சரிந்ததில் குழாய் வாயை அடைத்திருந்த ஏதோ விலகி, திறந்து விட்டிருந்த குழாயால் தண்ணீர் முழுக்க என் முகத்தில் கொட்டியது. அவன் என்னைக் காலில் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான்.

மணத்தில் எல்லாம் விளங்கியது. பழைய தேங்காய்ப்பால் சொதி. சோறு வடித்த கஞ்சி. ஒவ்வொரு பயணத்திலும் மிஞ்சியதைக் கழுவி ஊற்றியிருக்கிறோம். தேங்காய்ப்பாலின் கொழுப்பு அந்த முனைகளில் மெழுகு போலப் படிந்துவிட்டது. தண்ணீர் நிறைந்தாலும் அவற்றைத் தொடாது. கஞ்சியும் சோறும் இறுகிக் குழாயை அடைத்துவிட்டது. ஜெர்மன்காரன் இந்தத் தாங்கியைச் செய்யும்போது சொதியை நினைத்திருக்கமாட்டான்.

மச்சான் என்னை நிமிர்த்தி இருத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அத்தான், உங்கட செத்தவீட்டிலை சொதியாலை செத்தவர் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றான். சிரிக்க முயன்றேன். நெஞ்சு விடவில்லை.

விலாவில் இரண்டு எலும்பு வெடித்திருந்தது. அவசர மருத்துவரிடம் எல்லாவற்றையும் மச்சான்தான் சொன்னான். அந்த முறை தேர் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் அவன் கொதிதண்ணீர் ஊற்றித் தாங்கியைக் கழுவி, முனைகளை உரசித் துடைத்துத் திரும்பப் பூட்டினான். விளக்கு ஒழுங்காக எரிந்தது.

அன்றிரவு வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நான் கூப்பிட்டனான்."

"கேட்டது."

"மறுமொழி இல்லை."

"ஏலாமல் கிடந்தது."

"மற்ற நாளிலையும் நீங்கள் சொல்லுறேல்லைத்தானே. எனக்கு என்னெண்டு தெரியும்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் இப்போதும் அதிகம் கதைப்பதில்லை. அந்த வாகனத்தையும் எப்போதோ கொடுத்துவிட்டோம். ஆனால் வீட்டில் யார் எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும், வாயில் சோறு இருந்தாலும் ஒரு "ஓம்" சொல்லிவிடுகிறேன். கூப்பிட்ட ஆள் அந்த ஒரு சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது என்பதை, அந்தப் பல்கனிக் கதவு மூடாமல் இருந்த நேரத்தில்தான் நான் அறிந்தேன்.