கிளாஸ் நடக்குதுங்க, போட்டோ வேண்டாங்க

நந்தினி, சூர்யா… இந்த வாரப் பத்தியில் என் பிள்ளைகள் உங்கள் இரண்டு பேரோடுதான் பேச்சு. மற்ற வாசகர்கள் கூடவே உட்கார்ந்து கேட்கலாம்.

சூர்யா, நீ கேட்டாய். "அக்கா ஒரு சாரி சொல்லியிருந்தா என்னப்பா?"

நியாயமான கேள்வி. நடந்ததை முழுசாகக் கேள்.

உன் அக்கா எம்.எட். ஸ்பெஷல் எஜுகேஷன் படிக்கிறாள். அருள்புரம் பக்கத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் பயிற்சி. அவள் வகுப்பில் பேச்சு வராத ஒரு சிறுமி. போன வாரம் ஒரு நாள், தண்ணீர் டம்ளர் படம் போட்ட அட்டையைத் தானாக எடுத்து நீட்டித் தண்ணீர் கேட்டாளாம். யாரும் சொல்லாமல்… முதல் தடவையாக!

அந்த நேரம் பார்த்து என் பனியன் கம்பெனி முதலாளி உள்ளே வந்தார். பிறந்தநாளாம். கையில் பிரியாணி, எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட் மூட்டை, கூடவே கேமராக்காரர். ஃபிளாஷ் அடித்ததும் அந்தக் குழந்தை அட்டையை வீசிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டது.

நந்தினி எழுந்து போய்ச் சொல்லியிருக்கிறாள்: "அங்கிள், கிளாஸ் நடக்குதுங்க. லஞ்சுக்கு வாங்க, எல்லாரும் சேந்து சாப்பிடலாம். போட்டோ மட்டும் வேண்டாங்க."

அவ்வளவுதான். இதில் மரியாதை எங்கே குறைந்தது?

சாயங்காலம் நான் துணி வெட்டும் கட்டிங் டேபிளுக்கே வந்துவிட்டார் முதலாளி.

"ஏனுங்க மாஸ்டர், பொறந்தநாளும் அதுவுமா உங்க புள்ள என்ற மானத்த வாங்கிப்போட்டா. பாவப்பட்ட கொழந்தைகளப் பாத்துக்கறதுக்கு எதுக்குங்க அத்தன பெரிய படிப்பு? திங்கக்கெழம கூட்டியாந்து ஒரு சாரி சொல்ல வைங்க. இல்லீன்னா நீங்களும் வேற எடம் பாத்துக்கங்க."

அவர் மகன் படிக்கிற பெரிய ஸ்கூலில், பாதி வகுப்பில் நுழைந்து பிரியாணி கொடுப்பாரா? வாட்ச்மேனே விடமாட்டார். இந்தக் குழந்தைகள் என்றால் மட்டும் பாடத்தை நிறுத்தலாம், வரிசையில் நிறுத்தலாம், நமக்குப் புண்ணியம் சேர்த்துக்கொள்ளலாம்… அந்த ஒரு அட்டைக்கு உன் அக்கா எத்தனை நாள் தரையில் உட்கார்ந்திருந்தாள்? அதற்குத்தான் அந்தப் படிப்பு.

நான் பத்தாவதோடு நின்றவன். எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை. கத்திரியை வைத்துவிட்டுச் சொன்னேன்:

"அவ சொல்லமாட்டாளுங்க. சொல்லச் சொல்லி நானும் கேக்கமாட்டேனுங்க."

திங்கட்கிழமை போனால், என் டேபிளில் வேறொரு மாஸ்டர். ஊத்துக்குளி ரோட்டில் ஒரு யூனிட்டில் வேலை கேட்டிருக்கிறேன்; பார்க்கலாம். நந்தினி, நீ இதற்காக ஒரு நாள் கூட லீவு போடக் கூடாது.

அன்று வீடு திரும்பியபோது நீங்கள் யாரும் இல்லை. சுவரில் கம்பெனி காலண்டர். போன வருஷப் பிறந்தநாள் படம்… முதலாளி சிரிக்கிறார், குழந்தைகள் கை நீட்டி நிற்கிறார்கள். ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன்.

தேதி பார்க்கத்தான் செல்போன் இருக்கிறதே!