கணவாய்த் தொட்டியும் காலை விளக்கும்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைத் தொட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடம் ஆஸ்பத்திரி வார்டு துடைத்தவள். கடல்நீர்த் தொட்டி கழுவும் வேலைக்கு வரும்வரை கணவாயை மீன்கடையில் செத்துக் கிடக்கத்தான் பார்த்திருந்தாள். உயிரோடு பார்த்த அன்றே சொக்கிப்போனாள். உடம்பெல்லாம் வரி ஓட நொடிக்கொரு நிறம் மாறியது. அவள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதன் கண் கூடவே வந்தது.

"இத்தனை சட்டை வச்சிருக்கியே, துவைக்கிறது யாரு?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இரண்டாம் மாதம் மூன்று கணவாய்களுக்குப் பின்பக்கம் புண் வந்தது. தோல் கிழிந்து உள்ளே வெள்ளை ஓடு தெரிந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் தண்ணீரைச் சோதித்தார்கள், மருந்து போட்டார்கள். ஆறுவதாக இல்லை. தொட்டியக்காவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஒருநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, விளக்குப் போடாமல் முக்காலியில் உட்கார்ந்தாள். ஏழு மணிக்குக் காவலாளி சுவிட்சைத் தட்டினார். கூரையிலிருந்த எட்டு விளக்கும் பளீரென்று எரிந்தன. அவ்வளவுதான். மூன்றும் மை கக்கி, பின்பக்கமாகப் பாய்ந்து, கண்ணாடியில் மடேரென்று மோதின.

ஆய்வுக்கூடத் தலைவி வந்ததும் தொட்டியக்கா அவரை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அம்மா, இது நோயுமில்ல ஒண்ணுமில்ல. தூங்குற பிள்ளை மூஞ்சில டார்ச் அடிச்சா அது என்ன செய்யும்?"

விஷயத்தைக் கேட்ட தலைவி தயங்கினார். "ஆராய்ச்சி பாதி ஓடிக்கிட்டிருக்குக்கா. இப்போ வெளிச்சத்தை மாத்தினா முடிவெல்லாம் குழம்பிடும்."

"அடிபட்டு, பயந்து கிடக்கிற ஜீவன் சொல்ற பதில் மட்டும் சரியா இருக்குமா?"

 மறுநாள் தலைவி தானும் இருட்டில் வந்து உட்கார்ந்து பார்த்தார். அன்றே ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் கூடும்படி விளக்கை மாற்றச் சொன்னார். தொட்டியக்கா தொட்டியின் அடியில் மணல் பரப்பினாள். ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டிகளைக் கவிழ்த்துவைத்தாள். சுவர் இருப்பது கண்ணுக்குத் தெரியட்டும் என்று கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் தாள் ஒட்டினாள்.

ஒன்று பிழைக்கவில்லை. அதைக் கையில் ஏந்தி அழுதாள். மற்ற இரண்டுக்கும் புண் ஆறியது. புதிதாக எதற்கும் வரவில்லை.

வருடாந்திரக் கூட்டத்தில் தலைவி அவளையே பேசச் சொன்னார். மூன்று நிமிடம் பேசினாள். முன்வரிசையில் ஒருவர், "நீங்க கணவாய் சாப்பிடுவீங்களா?" என்று சீண்டினார்.

"சாப்பிட்டிருக்கேன் சார். இப்போ முகம் தெரிஞ்சுபோச்சு, இறங்க மாட்டேங்குது. சாப்பிடுங்க, சோதிங்க. உயிரோட இருக்கிற வரைக்கும் நோகடிக்காதீங்க."

 அடுத்த வாரமே இரண்டு ஆய்வுக்கூடங்களிலிருந்து விளக்கைப் பற்றிக் கேட்க ஆட்கள் வந்தார்கள். தலைவி அவர்களைத் தன் அறையில் உட்காரவைக்காமல், நேராகத் தொட்டியக்காவிடம் அனுப்பினார்.