மாவுக்கட்டின் மேல் ஒரு யானை

ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக மாவுக்கட்டுப் போடுகிறவர் அவர். டாக்டர்களுக்கே அவர் பெயர் மறந்துபோய்விட்டது. ‘மாவுக்கட்டு’ என்று கூப்பிட்டால்தான் அவரும் திரும்பிப் பார்ப்பார். அழுகிற பிள்ளைகளைச் சமாளிக்கச் சில வித்தைகள் கைவசம் வைத்திருந்தார். எதுவுமே பலிக்காத ஒரு நாளில், கால் உடைந்து வந்திருந்த ஆறு வயதுச் சிறுமியிடம், அழாமல் இருந்தால் கட்டின் மேல் படம் வரைந்து தருவதாகச் சொல்லித் தொலைத்தார். யானை வேண்டும் என்றாள்.

நீல மார்க்கரால் வரைந்தார். அழுகை நின்றது. குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இது பன்னி,” என்றாள்.

அவளுடைய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வீக்கம் வடிந்ததும், பத்து நாளில் அந்தக் கட்டை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதில் நிஜ யானை வரும் என்று வாக்குக் கொடுத்தார். சத்தியமா என்று கேட்டாள். சத்தியம் என்றார். போயிற்று அவர் நிம்மதி.

வீட்டில் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்த மகள், படம் வரையப் பழக அவர் போனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தாள். கவிழ்த்து வைத்த டப்பாவின் மேல் போனைக் கிடத்தி, கேமராவை விளிம்புக்கு வெளியே நீட்ட வேண்டும். கீழே காகிதம். திரையில் பார்த்தால் காகிதத்தின் மேல் வெளிறிய யானை ஒன்று நிற்கும்; அதன் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். கண்ணைத் திரையிலிருந்து எடுத்தால் காகிதம் வெறும் வெள்ளை. அவருக்கோ கையைப் பார்த்தே வேலை செய்து பழக்கம். எட்டி எட்டிப் பார்த்ததில் முதல் யானைக்கு இரண்டு தும்பிக்கை. மறுநாள் வயிறு வரை வந்தபோது மனைவியின் தங்கை வீடியோ காலில் கூப்பிட, யானை மறைந்து அவள் முகம் வந்தது.

“பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்லையே, அப்படியே வரைஞ்சிடுங்க,” என்றாள் மனைவி.

ஒரு வாரத்தில் முப்பது யானை. முப்பத்தொன்றாவதை மகள் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அந்த வீட்டில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: காகிதம் தட்டை, கால் உருண்டை.

ஞாயிற்றுக்கிழமை சும்மா அக்காவைப் பார்க்க வந்த மச்சான் மாட்டிக்கொண்டான். நல்ல காலுக்கு எதற்கு அத்தான் கட்டு என்று கேட்டுக்கொண்டே காலை நீட்டினான். முழங்கால்வரை கட்டுப் போட்டு, மாவு உலரும்வரை காத்திருப்பதற்குள் அவன் சோபாவிலேயே தூங்கிவிட்டான். அது வசதியாயிற்று. போனை ஸ்டூல் மேல் வைத்து, கட்டின் பக்கவாட்டில் யானையைப் படியெடுத்தார். அசல் யானை. விஷயம் அறியாத எதிர்வீட்டு அம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நலம் விசாரிக்க, விழித்துக்கொண்ட மச்சான் முனகிக்காட்டி வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் கட்டைப் பிரித்தபோதுதான் வந்தது வினை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கத்தரியைத் தானாகவே காலின் இரு பக்கமும் ஓட்டியது. யானை நடுவயிற்றில் இரண்டாயிற்று. அவர் கையில் இருந்த முன்பாதி ஓட்டின் நடுப்பகுதி மட்டும் வெட்டுப்படாமல், வெள்ளையாக நின்றது. கட்டைப் பிரித்த பிறகும் யானை பிழைக்க வேண்டுமென்றால் அது அங்கேதான் நிற்க வேண்டும்.

பத்தாம் நாள் சிறுமி வந்தாள். புதுக்கட்டு உலர்ந்ததும் ஸ்டாண்டில் போனைப் பொருத்தி, காலின் முன்பக்கம் யானையை நிறுத்தினார். முதல் கோடு விழுந்ததுதான் தாமதம், யானையைத் தானும் பார்க்க வேண்டுமென்று அவள் எக்கினாள். கால் நகர்ந்தது, திரை யானை மேஜைமேல் நின்றது. மறுபடி சரிசெய்தார். மறுபடி எக்கினாள்.

“அசையாதம்மா.”

“யானைதான் ஓடுது.”

வரிசையில் இன்னும் எட்டுப் பேர். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். வீட்டில் திரையோடு ஒட்டாத கண் இங்கே கையோடு ஒட்டிக்கொண்டது. முதுகு, நெற்றி, தும்பிக்கை, காது என்று கை தானாகவே போயிற்று. வால் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“யானை,” என்றாள். பிறகு பெரிய மனசோடு, “குட்டி யானை.”

ஒரு மாதம் கழித்துக் கட்டை எடுக்கையில் இரு பக்கமும் வெட்டி, முன்பாதியை அலுங்காமல் தூக்கி அவள் மடியில் வைத்தார். வாலுக்குக்கூடச் சேதமில்லை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே போனவளைக் கை உடைந்து உட்கார்ந்திருந்த ஒரு பையன் வாய் பிளந்து பார்த்தான். தன் முறை வந்ததும் கையை நீட்டி, தனக்கு ஒட்டகம் என்றான்.

அடுத்த கட்டில் கண்டிப்பாக வரும் என்று சொல்லிவிட்டு, மதியம் மச்சானுக்குப் போன் போட்டார்.

“ஞாயித்துக்கிழமை கை சும்மாதானே இருக்கு?”

“ரெண்டுமே சும்மாதான் அத்தான். எதிர்வீட்டு அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க.”