எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எவ்வளவு இருட்டு வேண்டும்?

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டதாகத் தெருவே நம்பிவிட்டது. செத்தது நானா, என் மனைவியா என்பதில் மட்டும்தான் அவர்களுக்குக் குழப்பம்!

காரணம்? ஜன்னல் திரை.

என் மனைவி ஸ்டெல்லா ஏற்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் அவளுக்கு நைட் டியூட்டி. பகலில்தான் தூக்கம். ஆனால் எங்கள் படுக்கையறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. பனி விலகி வெயில் வந்தால் சும்மா வராது... நேராக முகத்தில்தான் விழும். புரண்டு புரண்டு படுத்துவிட்டு, சிவந்த கண்ணோடு மறுபடி டியூட்டிக்குப் போவாள்.

ஒருநாள் காலையில் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, தூக்கக் கலக்கத்துல ஒரு பேஷண்டுக்குப் போட வேண்டிய ஊசியை அடுத்த பெட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். 'எனக்கு ஊசி இல்லீங்களே சிஸ்டர்'னு அந்தம்மா சொன்னதால தப்பிச்சேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையை விட்டுடுவேங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவளுக்கு அந்த வேலை உயிர். சரி, ஜன்னலுக்கு ஒரு இருட்டுத் திரை போட்டால் போயிற்று... இதென்ன பிரமாதம் என்று சேலத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே பிடித்தது சனி.

"வெளிச்சம் உள்ளே வராத துணி வேணும்" என்றேன். ஜவுளிக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, போட்டோ ஸ்டுடியோ வெக்கறீங்களா?" இல்லை என்றேன். "மாலை போட்டிருக்கீங்களா சாமி? கறுப்பு வேட்டி அந்தப் பக்கமுங்க." கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையை வெளியே எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

துணிகளை எடுத்துப் போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். எது அதிக இருட்டு? எப்படிக் கண்டுபிடிப்பது? கடை வாசல் வெயிலில் நின்று தலைமேல் முக்காடாகப் போட்டுப் பார்த்தேன். பச்சைத் துணிக்குள் உலகமே பச்சை. மெரூனுக்குள் ஒரே சிவப்பு. "வெல்வெட் நொம்ப நல்லாருக்குமுங்க" என்றார். நன்றாகத்தான் இருந்தது — ஆனால் எங்கள் ஊர் ஈரத்தில் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடுமே! ரெக்ஸின்? இருட்டு சரி, அந்த நாற்றத்தில் யார் தூங்குவது? கறுப்பு என்றால் சூடேறுமோ, ஏறினால் நம் குளிருக்கு நல்லதுதானோ... முக்காட்டுக்குள்ளேயே நின்று யோசித்தேன். போகிறவர்களும் வருகிறவர்களும் வேடிக்கை பார்த்தார்கள். வெறுங்கையோடு திரும்பினேன்.

ஊரில் யோசனை சொல்லவா ஆள் இல்லை? காபிக்கொட்டைச் சாக்கை மாட்டச் சொன்னார் எஸ்டேட் ரைட்டர். பழுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னது எதிர்வீடு. ஜன்னலையே செங்கல் வைத்து அடைக்கச் சொன்னவரும் உண்டு. கடைசியில் டெய்லர் சூசையிடம் மாட்டினேன். "குடைத்துணி நெறைய மிச்சமாக் கெடக்குதுங்க சார். உள்பக்கம் முரட்டுக் காடாத்துணி வெச்சுத் தெச்சுப் போடறேன். மழைக்கே அசராதது வெயிலுக்கு அசருமுங்களா?" என்றார். அவருக்குத் துணி தள்ளிவிட வேண்டும், எனக்குக் குழப்பம் தீர வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

மாட்டிப் பார்த்தால் — பட்டப்பகலில் என் கை எனக்கே தெரியவில்லை! பெருமை தாங்கவில்லை. துணி மிஞ்சியதே என்று ஹால் ஜன்னல்களையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லா படுத்ததும், ஆணியில் தொங்கிய திரைகளுக்கு வளையம் வாங்க மறுபடி சேலம் போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், என் வீட்டு வாசலில் கூட்டம். சர்ச் உபதேசியார் ஜெபப் புத்தகத்தோடு நிற்கிறார். பக்கத்து வீட்டு மேரியக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லாத்தான் இருக்கறீங்களா சார்? ஐயோ... அப்ப சிஸ்டருங்களா? மனசைத் தேத்திக்கங்க சார்!"

ஊசி, மாத்திரை, தூக்கமில்லாத உடம்பு... என்னென்னவோ தோன்றியது. அவள் தூங்கட்டும் என்று காலையில் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டேனே என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினேன்.

அதற்குள் கூட்டம் துக்கப் பாட்டை ஆரம்பித்துவிட்டது. கதவு படாரென்று திறந்தது. தலைவிரிகோலமாக ஸ்டெல்லா!

"யாருங்க செத்தது?"

கூட்டம் பின்வாங்கியது. நான் மட்டும் அத்தனை பேர் முன்னாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கம்தான்... என்ன செய்ய?

மேரியக்காவுக்குக் கோபம். "காலம்பறவே வெயில் வந்திருச்சுங்க. எல்லா ஊட்லயும் ஜன்னலைத் தொறந்து, கம்பளியை வேலியில போட்டாச்சு. உங்க ஊடு மட்டும் கருகருன்னு மூடிக் கெடக்குது. தட்டித் தட்டிப் பார்த்தோம், பதிலே இல்லீங்க. வெயிலை வேண்டாம்னு சொல்ற ஊடு இந்த மலையில எங்கீங்க இருக்குது?"

நியாயம்தானே! நாள்கணக்கில் மூடுபனியில் கிடக்கிற தெரு. வெயில் தலை காட்டினால் ஜன்னலைத் திறப்பதுதான் முதல் வேலை. பகலில் மூடியிருந்தால் அது இழவு வீடு. இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஆனால் ஒன்று — அத்தனை பேர் கதவைத் தட்டியும் எழாத அளவுக்குத் தூங்கியிருக்கிறாள்! அப்படியென்றால் திரை ஜெயித்ததா, தோற்றதா?

இப்போது ஒரு ஏற்பாடு. ஹால் திரைகளைக் கழற்றிவிட்டேன். படுக்கையறை இருட்டு அப்படியே இருக்கிறது. ஸ்டெல்லாவின் வெள்ளை யூனிஃபார்ம் வாசல் கொடியில் தொங்கினால், சிஸ்டர் தூங்குகிறார், சௌக்கியமாக இருக்கிறார் என்று அர்த்தம். மேரியக்காவின் யோசனைதான். அதைப் பார்த்துவிட்டால் கோழி விரட்டுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஸ்டெல்லாவின் கண்ணில் சிவப்பு போய்விட்டது. வேலையை விடுகிற பேச்சும் இல்லை.

நேற்று நல்ல மழை. நனைகிறதே என்று யூனிஃபார்மை உள்ளே எடுத்துவைத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். குடையோடு மேரியக்கா.

"ஏனுங்க சார்... சிஸ்டர் இருக்கறாங்கல்லங்க?"

கோபப்படுவதா, கும்பிடுவதா? இன்னும் தெரியவில்லை. யூனிஃபார்மைக் கொண்டுபோய் மறுபடி மழையிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.