பரம்பரை இல்லை, பூட்டுதான்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மாதிரி எடுப்பது என்றால், முன்பின் தெரியாத பெண்ணிடம் போய், அவள் வாயால் பெயர்கூடச் சொல்லாத இடத்தைக் காட்டச் சொல்வது. களப்பணிக்காக வீடு வீடாகப் படியேறி இறங்கும் வேலை பார்க்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நிவாரண வண்டி

சுனாமிக்கு அடுத்த வருடம். மரக்காணம் பக்கம் எந்த வேன் நின்றாலும் நிவாரணம் என்றுதான் அர்த்தம். உப்பளத்து ஓரம் நாங்கள் முகாம் போட்ட முதல் நாளே கூட்டம் அள்ளியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கூட்டம் கலைந்துவிட்டது.

அஞ்சலை மட்டும் நின்றாள். உப்புக்கூடை சுமக்கிற பெண்களெல்லாம் அவள் பேச்சைத்தான் கேட்பார்கள். வினிகர் தடவினால் கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும் என்று அவளுக்கு விளக்கினேன். பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தாள். “உப்பு எங்ககிட்ட இருக்குது, புளிப்ப நீங்க கொண்டாந்துட்டீங்க. ஊறுகாயா போடப் போறீங்க நர்சம்மா?”

ஒரே ஒரு சொல்

கேலி செய்தவளே மறுவாரம் முதல் ஆளாக வந்து படுத்தாள். வெள்ளைத் திட்டு தெரிந்தது. சதைத் துணுக்கைச் சோதித்ததில், புற்றுநோய் இல்லை, விட்டால் அதுவாக மாறலாம் என்று வந்தது. குளிர்வாயு வைத்து உறைய வைத்தால் தீர்ந்துவிடும் சமாசாரம்.

இதற்கிடையில் எங்கள் டாக்டரம்மா உற்சாகத்தில் பெண்களுக்குப் பாடம் எடுத்தார். இந்த நோய்க்குக் காரணமான வைரஸ் பலருக்கு வருமாம், பெரும்பாலும் தானே போய்விடுமாம், சிலருக்கு மட்டும் தங்கி ஜீனில் மாற்றம் வருமாம். ஜீன் என்றால் பரம்பரை என்று பொழுது சாய்வதற்குள் அளம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அஞ்சலை சிகிச்சைக்கு வரவில்லை. அளத்துக்கே தேடிப் போனேன். மகள் ராணிக்கு வானூரில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். “எனக்கு வந்தது என் பொண்ணுக்கும் வரும்னு சம்பந்தத்த நிறுத்திடுவாங்கம்மா. சாவறதா இருந்தா கல்யாணத்துக்கு அப்புறம் சாவறேன்.”

கொட்டகைப் பூட்டு

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. உப்பேறி இறுகிப்போன கொட்டகைப் பூட்டுதான் கண்ணில் பட்டது. அதைக் காட்டிச் சொன்னேன்: “ஜீன் உள்ளே பத்திரமா இருக்கு, ஒரு எழுத்துகூட மாறல. புற்றுநோய் வராம காவல் காக்கிற ஜீன் மேல மெத்தில்னு ஒண்ணு படிஞ்சு, இந்தப் பூட்டு மாதிரி அடைச்சிடுது. அதுவும் அந்தத் திட்டுல மட்டும். பொறந்தப்ப வந்ததும் இல்ல, ராணிக்குப் போறதும் இல்ல.”

பூட்டை இழுத்து ஆட்டிப் பார்த்தாள். “இத அந்த வானூர் அம்மாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா எம்பொண்ணுக்காக சொல்றேன்னு நெனைப்பாங்க.”

வானூர் அம்மா

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குகிற வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் அம்மா முகாமுக்கு வந்தார். அஞ்சலையே கூட்டி வந்து, தனக்கு இருப்பதைத் தானே சொன்னாள். அந்தத் துணிச்சல் எனக்கு வராது. நான் பூட்டுக் கதையைத் திரும்பவும் சொன்னேன். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டவர், கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்: வைரஸ் யாருக்கு வேண்டுமானாலும் வருமா? வரும், உங்களுக்கும் வரலாம் என்றேன். போச்சுடா, சம்பந்தம் முறிந்தது என்று நினைத்தேன். அவர் எழுந்து நேரே திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டார்.

வெள்ளை எதுவும் இல்லை. புடவையைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். “என் பூட்டு நல்லா இருக்குதாம். நீங்க போயி உங்கள்த பேத்து எறிஞ்சிட்டு வாங்க சம்பந்தி, முகூர்த்தத்துக்கு நாள் பாக்கணும்.”

அஞ்சலை அன்றைக்கே சிகிச்சை எடுத்துக்கொண்டாள், மறுவருடச் சோதனையில் திட்டு இருந்த இடமே தெரியவில்லை, ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரும் அப்படித்தான், ஆனால் வானூர்ப் பக்கம் சம்பந்தம் பேசினால் இப்போதெல்லாம் ஜாதகத்துக்கு முன்னால் மாமியாரை எங்கள் முகாமுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.